நாலு சென்டிமீட்டர்

யாமினி மூன்று வருடமாக ஓர் ஆற்றைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பார்த்தாள் என்பது ஒரு பேச்சுக்குத்தான். அந்த ஆற்றங்கரையில் அவள் கால் பட்டதே இல்லை. சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனுக்குப் பின்னால், ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில், ஐந்து பேர் வேலை பார்க்கும் ஆபீஸ் அவளுடையது. நதியோ அங்கிருந்து எண்ணூறு கிலோமீட்டர் மேற்கே, சிவப்பு மண்ணுக்குள் கிடந்தது.

அதை நதி என்று சொல்வதே வருடத்தில் பாதி நாள் அதற்குச் செய்யும் உபகாரம். அங்கங்கே குட்டை குட்டையாகத் தேங்கி, வெயிலில் வற்றிக்கொண்டு கிடக்கும். பிறகு குவீன்ஸ்லாந்தில் எங்கேயோ பெய்த மழை, மூன்று வாரம் நடந்து, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாத நாளில் வந்து சேரும். அது வருகிறதா, எவ்வளவு வருகிறது, எப்போது நிற்கிறது என்று கணக்கு வைப்பதுதான் யாமினியின் வேலை. ஆற்றுக்குள் ஒரு சென்சர் இருந்தது. கால் மணிக்கு ஒரு தடவை அது நீர்மட்டத்தை அனுப்பும். ஆனால் சென்சரை முழுக்க நம்ப முடியாது. சேறு அடைக்கும், கரையான் ஒயரைத் தின்னும், வெயிலுக்குப் புத்தி பிசகும். அதனால் கரையில் ஓர் அளவுப் பலகையும் நட்டிருந்தார்கள். தினமும் காலையில் ஒரு மனிதர் இறங்கிப்போய்ப் பலகையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சென்சரும் பலகையும் முரண்பட்டால் பலகை சொல்வதுதான் சரி, சென்சரைத்தான் திருத்த வேண்டும். இந்தத் தொழிலில் அதற்கு மேல் வேதம் கிடையாது.

பலகையைப் பார்த்துச் சொன்னவள் மாக்கிறேட். மன்னார் பேசாலைக்காரி, அறுபத்துமூன்று வயது. அவள் புருஷன் யோசேப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் அந்த அத்துவானத்தில் ஒரு பெற்றோல் செட்டை வாங்கி, நடத்தி, அங்கேயே செத்தும் போனார். மகன் கிறிஸ்ரியன் மெல்பர்னில், கிளென் வேவர்லியில் வீடு வாங்கிக்கொண்டு, "அம்மா, வாங்கோ" என்று மாதம் ஒரு தடவை கெஞ்சுவான். இவள் போகமாட்டாள். பெற்றோல் செட்டுக்குப் பின்னால் ஐம்பது அடி இறங்கினால் அளவுப் பலகை. பதினொரு வருடமாக ஒரு நாள் தவறாமல் இறங்கியிருக்கிறாள். யோசேப்பை அடக்கம் செய்த அன்றைக்கும் இறங்கிப் பார்த்து எழுதி வைத்துவிட்டுத்தான் கறுப்புச் சட்டை போட்டாள்.

காலை ஏழு மணிக்கு யாமினியின் போன் அடிக்கும். மகளுக்கு லஞ்ச் பாக்ஸ் கட்டிக்கொண்டே ஸ்பீக்கரில் போடுவாள்.

"என்ன பிள்ளை, எழும்பிட்டியோ? இண்டைக்கு அறுபத்தொண்டு. நேற்றையில இருந்து ரெண்டு இறங்கிட்டுது."

"அறுபத்தொண்ணு. எழுதிக்கிட்டேன் ஆன்ட்டி. சாப்டீங்களா?"

"ஏழு மணிக்கு ஆர் சாப்பிடுறது? நீங்கள் இந்தியாக்காரர் விடியக் கண்ணைத் திறக்க முதலே சாப்பாட்டைப் பற்றித்தான் கதைக்கிறியள்."

இப்படி ஒரு நிமிட வேலை பத்து நிமிடம் ஓடும். அந்தப் பாலைவனத்தில் மாக்கிறேட்டுக்குத் தமிழ் பேச வேறு நாதி இல்லை. சிட்னியில் யாமினிக்கு ஆள் இருந்தும் மனசுவிட்டுப் பேச யாரும் இல்லை. ஒவ்வொரு வருடமும் ஆறு வற்றி, நீர்மட்டம் பூஜ்யம் தசம் நான்கு இரண்டு மீட்டருக்கு, அதாவது நாற்பத்திரண்டு சென்டிமீட்டருக்கு வரும். அங்கே ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பாறை உண்டு. அந்த மட்டத்துக்கு மேலே ஒரு விரற்கடை இருந்தாலும் தண்ணீர் பாறையைத் தாண்டி ஓடும். நாற்பத்திரண்டுக்கு வந்தால் ஓட்டம் நின்றுவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு மாக்கிறேட்டின் குரல் இறங்கிவிடும். "நாப்பத்திரண்டு, பிள்ளை. ஆறு படுத்திட்டுது" என்பாள். வீட்டில் ஒருத்தர் நோய்வாய்ப்பட்டதுபோலச் சொல்வாள்.

ஒருநாள் அவள் இதையும் சொன்னாள்: "இடது கண்ணில வெள்ளை படருதாம் பிள்ளை. அந்தக் கண் சின்னனிலயே பழுது, அது கிடக்கட்டும். வலது கண் கண்ணாடி மாதிரித் தெரியுது. ஆனா நீ ஆருக்கும் சொல்லிப் போடாதை. கிறிஸ்ரியனுக்குத் தெரிஞ்சா அடுத்த கிழமையே என்னை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போயிடுவான்."

"நான் யாருகிட்ட ஆன்ட்டி சொல்லப்போறேன்?" என்றாள் யாமினி. அப்போது அவள் அதை மனசாரத்தான் சொன்னாள்.

பதிலுக்குத் தன் கவலையையும் சொன்னாள். விசா முடிய நாலு மாதம்தான் இருந்தது. பி.ஆர். என்கிற நிரந்தர வசிப்புரிமை வாங்க, இவள் எங்களுக்கு வேண்டும் என்று முதலாளி கோபாலகிருஷ்ணன் நாமினேஷன் கொடுக்க வேண்டும். அந்தப் பேப்பர் அவர் மேஜையில் ஐந்து மாதமாகக் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. புருஷன் நரேன் திருச்சியில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து, இங்கே வீடு வீடாகப் பிரியாணி கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தான். மகள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் அளவுக்கு இந்த ஊர்க்காரியாகிவிட்டாள். திரும்பிப் போவது என்ற பேச்சை எடுத்தாலே வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை.

"நீ பயப்பிடாதை" என்றாள் மாக்கிறேட். "நான் மாதாவுக்கு ஒவ்வொரு சனியும் உன்ர பேரில மெழுகுதிரி கொளுத்திறன். கிடைக்கும்."

பிப்ரவரியில் ஆறு வந்தது. பதினான்கு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் தண்ணீர்.

"வந்திட்டுது பிள்ளை!" ஏழு மணிவரை மாக்கிறேட்டால் பொறுக்க முடியவில்லை, ஆறரைக்கே அடித்துவிட்டாள். "நாக்கை நீட்டிக்கொண்டு வருது. முன்னால சருகும் நுரையும் சிலந்தியும்... காஞ்ச மண் தண்ணி குடிக்கிற சத்தம் கடை வரைக்கும் கேக்குது. கேக்குதே உனக்கு? போனைப் பிடிக்கிறன், கேள்."

யாமினி கேட்டாள். அடுப்பில் நெய் பொரிவது மாதிரி ஒரு சத்தம். அவள் கண் கலங்கியது என்பதையும் எழுதிவிட வேண்டும், பிறகு நடந்ததற்கு அது ஒரு சமாதானம் ஆகாவிட்டாலும்.

தண்ணீர் ஐந்து நாள் ஏறி, ஒன்று தசம் ஏழு ஆறில் நின்றது. சென்சரும் அதையே சொன்னது, பலகையும் அதையே சொன்னது. அங்கேதான் வினை.

அளவுப் பலகைக்குக் கீழே ஒரு பெரிய பருத்திப் பண்ணை இருந்தது. அதன் மோட்டார்கள் ஒரு நகரத்தையே உறிஞ்சிவிடும். ஆனால் பலகையில் நீர்மட்டம் ஒன்று தசம் எட்டைத் தொட்டால்தான் மோட்டாரைப் போடலாம் என்பது உத்தரவு. அதற்குக் குறைந்த தண்ணீர் கீழே இருக்கும் சின்ன ஊருக்கும், குட்டைகளில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் மீன்களுக்கும். நீர்மட்டத்தை அளக்கும் காண்டிராக்டோ, ஆட்டைக் காக்க ஓநாயைக் கூலிக்கு வைத்த கதையாக, அந்தப் பண்ணையே கொடுப்பது.

கோபாலகிருஷ்ணன் யாமினியை அறைக்குக் கூப்பிட்டார். அவர் சத்தம் போடும் ரகம் இல்லை. நெற்றியில் சின்னதாக விபூதி, கையில் கிரீன் டீ.

"யாமினி, சென்சர்ல கொஞ்சம் டிரிஃப்ட் இருக்குமோ? கொறச்சுக் காட்டுதோ?"

"இல்ல சார். பலகையோட ஒத்துப்போகுது. ரெண்டுமே ஒண்ணு எழுபத்தாறு."

"நாலு சென்டிமீட்டர். நம்ம கைவிரல் ரெண்டு அகலம்." அவர் இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார். "அதுக்காக அவங்க ஒரு வருஷமா காத்திருந்த தண்ணிய விட்டுட்டுப் பாத்துக்கிட்டு நிக்கணுமாம். நான் உங்களத் தப்பு பண்ணச் சொல்லல. இன்னொரு தடவ சரியா பாருங்கன்னுதான் சொல்றேன். உங்க நாமினேஷன்ல இன்னிக்குக் கையெழுத்துப் போட்டுரலாம்னு இருந்தேன். இது ஒண்ணு முடியட்டும்."

"சென்சர மாத்தலாம் சார். ஆனா பலகை அப்படியே சொல்லுமே."

"பலகை எங்க சொல்லுது? யாரோ ஒருத்தங்க பாத்துச் சொல்றாங்க."

அவ்வளவுதான் அவர் சொன்னது. மாக்கிறேட்டின் கண்ணைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. யாமினி வாயை மூடிக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். ஒரு நாள் யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்கவில்லை, இவளாகத்தான் சொன்னாள்.

"அவங்களுக்குக் கண்ல கேட்டராக்ட் இருக்கு சார்."

கோபாலகிருஷ்ணன் டீயைக் கீழே வைத்தார். "அடடா, பாவம்" என்றார். "அத எழுத்துல குடுத்துருங்க."

யாமினி தன் இடத்துக்கு வந்து சென்சரின் கணக்கில் நாலு சென்டிமீட்டரைக் கூட்டினாள். ஒரு பெட்டியில் ஓர் எண்ணைத் தட்டி என்டர் அடிக்கும் வேலை, தும்முகிற நேரம்கூட ஆகவில்லை. பிறகு கடிதம் எழுதினாள். பலகை வாசிப்பாளருக்குப் பார்வைக் குறைபாடு இருப்பதை அவரே தெரிவித்திருக்கிறார், அவர் அளவுகளைத் தொடர்ந்து நம்புவது உசிதமல்ல, சரிவான கரையில் அவர் இறங்குவதும் ஆபத்து. ஒரு கண் என்று எழுதினால் மற்றக் கண்ணால் பார்க்கலாமே என்று யாராவது கேட்டுத் தொலைப்பார்கள் என்று தோன்றியது. அதனால் 'இரண்டு கண்ணிலும்' என்று எழுதினாள். எழுதிவிட்டு எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள்.

மறுநாள் ஏழு மணிக்கு போன் வந்தது.

"ஒண்டு எழுபத்தாறு, பிள்ளை. அப்பிடியே நிக்குது."

"ஆன்ட்டி, நல்லா பாத்தீங்களா? சென்சர் ஒண்ணு எண்பதுன்னு காட்டுதே."

"எண்பதோ? இல்லையே... பொறு, திரும்ப ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

அறுபத்துமூன்று வயதுக்காரி மறுபடியும் சரிவில் இறங்கினாள். பழுதான கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாளாம். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாளாம். முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டும் பார்த்தாளாம். "எனக்கு எழுபத்தாறுதான் பிள்ளை தெரியுது" என்றாள் மூச்சு வாங்க. "நில், படம் எடுத்து அனுப்புறன். நீயே பார்."

படம் வந்தது. காலை வெயில் பலகையில் நேராக விழுந்து பளிச்சென்று இருந்தது. வெள்ளையில் கறுப்புக் கோடுகள். தண்ணீர் தொட்டுக்கொண்டு நின்ற கோடு எழுபத்தாறு. பெரிதாக்கிப் பார்க்கவே தேவை இல்லை. யாமினி பெரிதாக்கியும் பார்த்தாள். பின்னால் மகள், "அம்மா, where's my hat?" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"படத்துலயும் எண்பதுதான் ஆன்ட்டி தெரியுது" என்றாள் யாமினி.

போனில் ஆற்றுச் சத்தம் கேட்டது.

"என்ர கண்ணுக்கு எழுபத்தாறு எண்டெல்லோ கிடக்கு" என்றாள் மாக்கிறேட் மெதுவாக. "அப்ப வலது கண்ணும் போயிட்டுது போல."

"வயசானா வர்றதுதானே ஆன்ட்டி. பயப்படாதீங்க."

கடைக்கு டீசல் அடிக்க வந்த எந்த லாரிக்காரனிடமாவது அந்தப் படத்தைக் காட்டி, இது என்ன நம்பர் என்று மாக்கிறேட் கேட்டிருக்கலாம். ஒரு நொடியில் எல்லாம் உடைந்திருக்கும். அவள் கேட்கவில்லை. படித்த பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, தினமும் சாப்பிட்டீங்களா என்று கேட்கிற பிள்ளை சொல்லும்போது, வழியில் போகிற லாரிக்காரனிடம் என்ன கேள்வி? வெள்ளைக்காரன் ஒருத்தன் ஆபீசிலிருந்து இதைச் சொல்லியிருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்றால் முதலில் நம்ப வைக்கவேண்டும் அல்லவா, யாமினி அதை மூன்று வருடமாகச் செய்திருந்தாள்.

பண்ணையின் மோட்டார்கள் ஒன்பது நாள் ஓடின. கீழே இருந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது சேறு. குட்டைகளில் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அந்த ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது பழமொழி. இங்கே பழியும் யாமினிக்கு வரவில்லை. பலகைக் கணக்கு சென்சரோடு ஒத்துப்போகாததற்குக் காரணம் கண் தெரியாத ஒரு கிழவி என்று எழுத்தில் இருந்தது. கோபாலகிருஷ்ணன் பேனாவைத் திறந்து நாமினேஷனில் கையெழுத்துப் போட்டார். யாமினி அன்றைக்கு கேசரி கிண்டினாள்.

விதிப்படி கடிதத்தின் ஒரு பிரதி மாக்கிறேட்டுக்குப் போனது. அவசரத்துக்குத் தொடர்பு என்று அவள் கொடுத்திருந்த பெயருக்கு, அதாவது கிறிஸ்ரியனுக்கு, இன்னொரு பிரதி. அவன் அந்த வார இறுதியிலேயே விமானம் பிடித்து, கார் எடுத்து, அத்துவானத்துக்கு வந்து இறங்கினான்.

கிளம்புகிற அன்று மாக்கிறேட் போன் செய்தாள். திட்டப்போகிறாள் என்று யாமினி நினைத்தாள்; திட்டினால் நல்லது என்றும் நினைத்தாள்.

"நீ எழுதினதை மகன் வாசிச்சுக் காட்டினவன்" என்றாள் மாக்கிறேட். "எனக்கு உன்னில கோவம் இல்லைப் பிள்ளை. நான் பிழையா ஒரு நம்பரைச் சொல்லி, அதால ஊர் கெட்டுப்போனா அந்தப் பாவத்தை ஆர் சுமக்கிறது? நீ சொல்லாட்டி எனக்கு ஆர் சொல்லியிருப்பினம்? நான் போட்டு வாறன்."

யாமினி, "உடம்பப் பாத்துக்குங்க ஆன்ட்டி" என்றாள். அதற்கு மேல் ஒன்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.

பெற்றோல் செட் பூட்டப்பட்டது. இனிமேல் பலகையைப் பார்க்க ஆள் வேண்டாம், சென்சர் போதும் என்று கோபாலகிருஷ்ணன் காண்டிராக்டை மாற்றி எழுதிக்கொண்டார். கூட்டிய நாலு சென்டிமீட்டர் சென்சரிலேயே தங்கிவிட்டது. அதை எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேள்வி வரும். யாரும் எடுக்கவில்லை.

ஆகஸ்டில் பி.ஆர். வந்தது. யாமினி மெயிலைத் திறந்து பார்த்துவிட்டு, ஆபீஸ் பாத்ரூமுக்குள் போய் அழுதாள். நரேன் அன்றைக்கு ஒரு டெலிவரியையும் எடுக்கவில்லை. மகளுக்குத்தான் என்ன கொண்டாட்டம் என்று புரியவில்லை, அவள் என்றைக்கும் இந்த ஊரைவிட்டுப் போவதாக நினைத்ததே இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு போன் அடித்தது. ஐந்து மாதமாக அடிக்காத நேரம். யாமினி லஞ்ச் பாக்ஸைக் கீழே வைத்தாள்.

"நான்தான் பிள்ளை, மாக்கிறேட். எழும்பிட்டியோ?"

"ஆன்ட்டி! எப்படி இருக்கீங்க?"

"இருக்கிறன். கண் ரெண்டும் முடிஞ்சுது பிள்ளை." மழை பெய்தது என்று சொல்லும் குரலில்தான் சொன்னாள். "இடது கண்ணில ஒப்பரேசன் எண்டு வெட்டியும் பிரயோசனம் இல்லை எண்டிட்டினம். வலது கண்ணை டொக்டர் தொட மாட்டன் எண்டவர். இது நல்லாத்தானே இருக்கு, இன்னும் அஞ்சு வருசம் பொறுக்கலாம் எண்டார். நான்தான் விடேல்லை. ஒஃபிசில இருந்து வந்த கடுதாசியைக் காட்டினனான். ரெண்டு கண்ணும் பிழை எண்டு எழுதிக் கிடக்கு, நாலு சென்ரிமீற்றர் பிழையா வாசிச்சிருக்கிறன், நீங்கள் எப்பிடி நல்ல கண் எண்டு சொல்லுவியள் எண்டு சண்டை பிடிச்சு வெட்டுவிச்சனான். வெட்டின இடத்தில கிருமி தொத்திட்டுது. இப்ப கண்ணுக்கு நேர லைற் அடிச்சா மட்டும் தெரியும், ஆக்கள் தெரியாது."

யாமினி போனைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"ஆர் மேலயும் குற்றம் இல்லை" என்றாள் மாக்கிறேட். "என்ர விதி. அது சரி, உன்ர பி.ஆர். என்ன மாதிரி?"

"கிடைச்சிருச்சு ஆன்ட்டி. நேத்துதான்."

"மாதாவே!" மாக்கிறேட் கைதட்டிய சத்தம் போனில் கேட்டது. "பார்த்தியே, நான் சொன்னனான்தானே? இஞ்ச வந்தும் ஒரு சனிகூட விடேல்லை. மருமகளைக்கொண்டு கொளுத்துவிச்சனான்." பிறகு கொஞ்சம் தயங்கினாள். "எனக்கு ஒரு உதவி செய்வியே, பிள்ளை?"

"சொல்லுங்க ஆன்ட்டி."

"இஞ்ச விடியிறதும் தெரியாது, பொழுது படுறதும் தெரியாது. பதினொரு வருசமா அந்த நம்பரைச் சொல்லித்தானே எனக்கு விடிஞ்சது. இனி ஏழு மணிக்கு நான் எடுக்கிறன். ஆத்தில எவ்வளவு எண்டு நீ எனக்குச் சொல்லு. ஒரு நிமிசம் போதும்."

யாமினி லேப்டாப்பைத் திறந்தாள். ஆறு மூன்று வாரத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது என்று அவளுக்குத் தெரியும். திரையில் கோடு அசையாமல் படுத்துக் கிடந்தது. ஆனால் திரை சொன்ன எண் நாற்பத்திரண்டு இல்லை. நாற்பத்தாறு. நாற்பத்திரண்டு என்று உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் வாய் வரைக்கும் வந்தது. நாளைக்கு இந்த அம்மாள் மகனிடம் சொல்லி, அவன் இணையத்தில் போய்ப் பார்த்தால்? எண் எல்லாருக்கும் தெரியும்படிதான் அங்கே இருந்தது.

"நாப்பத்தாறு, ஆன்ட்டி."

"நாப்பத்தாறோ!" மாக்கிறேட்டின் குரலில் வெளிச்சம் வந்தது. "ஆகஸ்டிலயோ? அப்ப கல்லுக்கு மேலால தண்ணி போகுது. இன்னும் ஓடுது, என்ன?"

"ஆமா ஆன்ட்டி. ஓடுது."

"பார் பிள்ளை, என்ர கண் செய்த வேலையை." அவள் சிரித்தாள், தன்னைத்தானே திட்டிக்கொள்கிற சிரிப்பு. "ஒவ்வொரு வருசமும் நாப்பத்திரண்டு, நாப்பத்திரண்டு எண்டு வாசிச்சு, ஆறு படுத்திட்டுது எண்டு நான் இருந்து அழுறனான். பாவம், அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கு. எனக்குத்தான் தெரியேல்லை. அந்தப் பதினொரு வருசக் கணக்கெழுதின கொப்பியும் கிறிஸ்ரியனிட்ட இருக்கு, அனுப்பச் சொல்லுறன். எல்லாத்திலயும் நாலு நாலு கூட்டித் திருத்தி வை, என்ன? பிழையான கணக்கு என்ர பேரில இருக்கக் கூடாது."

"சரி ஆன்ட்டி" என்றாள் யாமினி.

"நாளைக்கு ஏழு மணிக்கு எடுக்கிறன்" என்று சொல்லி மாக்கிறேட் போனை வைத்தாள்.